சிகிச்சைக்கு எத்தனை கை?

சில வருடங்களுக்கு முன் ஒரு சம்மதப் படிவம் என்னிடம் வந்தது. வாய்ப்புற்று நோயாளிகளிடம் ஒரு சிகிச்சை முறையைச் சோதிக்கும் ஆய்வுக்கானது. தமிழாக்கத்தை ஒருக்கால் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். நாலாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: “நீங்கள் சிகிச்சையின் முதலாம் கைக்கோ இரண்டாம் கைக்கோ ஒதுக்கப்படலாம்.” ஆய்வில் ஒப்பிடப்படும் ஒவ்வொரு நோயாளிப் பிரிவையும் ஆங்கிலத்தில் கை என்று சொல்வது ஆய்வாளர் வழக்கு. அதை அப்படியே தூக்கித் தமிழில் வைத்துவிட்டார்கள். வட்டுக்கோட்டையில் வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் குந்தியிருந்து இதை வாசிக்கும் ஒருவருக்கு என்ன விளங்கும்? ஒரு டொக்டர் வலக்கையாலும் மற்றவர் இடக்கையாலும் வைத்தியம் பார்ப்பார் என்றுதான் நினைப்பார்.

‘கை’யை வெட்டிப் ‘பிரிவு’ என்று போட்டேன். அடுத்து வந்தது ‘எழுமாற்றாக’. பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அது எட்டாது. ‘எந்தப் பிரிவு என்பதை டொக்டரும் தெரிவதில்லை, நீங்களும் தெரிய முடியாது, திருவுளச்சீட்டுப் போடுவதுபோலக் கணினி தெரிந்து சொல்லும்’ என்று எழுதிக் கொடுத்தேன். திருவுளச்சீட்டு கோயிற் சொல், விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது என்று பதில் வந்தது. நாட்டில் தேர்தலில் இருவர் வாக்குச் சமமானால் எப்படித் தீர்க்கிறோம் என்று கேட்டும் பார்த்தேன். அச்சாகி வந்த படிவத்தில் அந்த வரி இல்லை.

இந்த வாக்குவாதம் வட்டுக்கோட்டைக்காரன் ஒருவனோடு நடந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1823இல் இங்கே தொடங்கி 1855இல் மூடப்பட்ட அமெரிக்க மிஷன் செமினரி மேலைத்தேய விஞ்ஞானத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இடம். 1847இல் வந்து இறங்கிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் தங்கியதும் இங்கேதான். பிறகு மானிப்பாய்க்குப் போனார். 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காக அவரும் மாணவர்களும் பெயர்த்த நூல்களில் 1867இல் வந்த ‘இரணவைத்தியம்’ ஒன்று. 1875இல் வந்த ‘கெமிஸ்தம்’ இன்னொன்று. சொல் கிடைத்த இடத்தில் தமிழ்ச் சொல். கிடைக்காத இடத்தில் தமிழ் வாய்க்குப் பொருந்தத் திரித்த சொல். நோயாளிக்கு முன்னால் நிற்கப்போகும் வைத்தியனுக்காகச் சொல் தேடியவர்கள் அவர்கள். அலுவலகக் கோப்புக்காகத் தேடினால் வருவது ‘முதலாம் கை’.

இனி நோய்க்கு வருவோம். வாயின் உட்பக்கம், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், கருப்பைக் கழுத்து, வெளித்தோல் எல்லாவற்றையும் மூடியிருப்பது தட்டையான கலங்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு போர்வை. மீன் செதிலைப்போல இருப்பதால் எங்கள் உயர்தர உயிரியல் புத்தகங்கள் செதின்மேலணி என்று சொல்லும். அதிலிருந்து கிளம்பும் புற்று செதிற்கலப் புற்று. வாயில் வரும் புற்றில் மிகப் பெரும்பங்கு இந்த வகைதான். பெயர் ஒன்று என்பதற்காக நோய் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. மேற்கு நாடுகளில் இப்போது பெருகிவரும் தொண்டைப் புற்றுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு வைரஸ். அது கதிர்ச் சிகிச்சைக்கு நன்றாக மசியும். அங்கே இன்று நடக்கும் சோதனைகள் பல சிகிச்சையின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பவை. எங்களுடையது கொடுப்பில் வருவது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை நான்கும் சேர்ந்து மணிக்கணக்காக ஊறும் அந்தப் பையில், கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1980களிலேயே முடிவுசெய்தது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கும் தரும் என்பதை 2004இல் வெளியான தொகுதியில் சேர்த்தது. ‘நான் போயிலை போடுறேல்லை, வெறும் வெத்திலைதான்’ என்று சொல்லும் ஆச்சிமாருக்கு இந்த இரண்டாவது செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

புகையிலை என்றால் வலிகாமத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்மண் தோட்டத்தில் முறித்த இலையைக் குடிலில் தொங்கவிட்டு, கீழே ஊமலும் பொச்சுமட்டையும் போட்டுப் புகை பிடித்து, கோடா தடவிப் பதமாக்கிச் சிப்பம் கட்டினார்கள். அதில் ஒரு வகைக்கு இன்றும் மலையாளப் புகையிலை என்று பெயர். மலையாளத்தில் விளைந்ததால் வந்த பெயரல்ல. மலையாளத்துக்குப் போனதால் வந்தது. திருவிதாங்கூர் தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணப் புகையிலைக்குச் சந்தையாக இருந்தது. எங்கள் கல்வீடுகள் சிலவற்றின் அத்திவாரத்தில் அந்தக் காசு கிடக்கிறது.

அதே திருவிதாங்கூரின் தெற்கு மூலையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் கத்தி பிடித்த இடம். அங்கே பணியாற்றிய ‘ஓர்’ (Orr) என்ற பெயருடைய மருத்துவர் 1933இல் ‘லான்செட்’ இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரணம், நோயியல், சிகிச்சை மூன்றையும் சேர்த்துப் பேசிய கட்டுரை. அவர் பார்த்த வாய்களில் எத்தனையில் எங்கள் தோட்டத்து இலை கிடந்தது என்று நான் கணக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் நாங்கள் புகையிலை அனுப்பிய கரையிலிருந்துதான் இந்த நோயைப் பற்றிய அறிவும், பின்னாளில் அதற்கான முக்கியமான சோதனைகளும் வந்தன. இதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. நோய் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் கேள்வியும் கூர்மையாக எழும்.

சிகிச்சைச் சோதனை என்பது ஒரு கேள்வியை நோயாளிகளின் உடலிடம் கேட்பது. சீட்டுப் போட்டுப் பிரித்த இரண்டு பிரிவு. ஒன்றுக்குப் பழையது, மற்றதற்குப் புதியது. பிறகு எண்ணிப் பார்ப்பது. விதி இவ்வளவுதான். யாரிடம் கேட்டோம், எந்த அளவில் மருந்து கொடுத்தோம் என்பதில்தான் விடை மாறும். இதற்கு அடையாற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 12 கட்டில்களோடு கொட்டகையில் தொடங்கியது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதன் முதல் மருத்துவர்கள். யாழ்ப்பாணத்தில் ‘அடையாறு’ என்றாலே என்ன வருத்தம் என்று விளங்கிவிடும். கடல் கடந்து போன குடும்பங்கள் அத்தனை. இந்த இருவரும் 1959இலேயே வாயின் செதிற்கலப் புற்றுக்கான காரணிகளைப் பற்றி ஆய்வு வெளியிட்டவர்கள். அடுத்த கட்டமாகச் சிகிச்சையைச் சோதித்தார்கள். பிளியோமைசின் என்ற மருந்தை 1960களில் யப்பானில் உமேசாவா மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்திருந்தார். இந்த மருந்தை முறித்துச் செயலிழக்கச் செய்யும் நொதியம் மற்ற இழையங்களில் தாராளமாக உண்டு. தோலிலும் நுரையீரலிலும் குறைவு. அதனால் நுரையீரலைத் தழும்பாக்கும் கெடுதி அதற்கு இருக்கிறது; செதிற்கலத்தைத் தாக்கும் நன்மையும் அதே காரணத்தால் வருகிறது. கதிர்ச் சிகிச்சையோடு இதையும் சேர்த்தால் என்ன என்பது அடையாற்றின் கேள்வி. 1977இல் ‘கிளினிக்கல் ரேடியாலஜி’ இதழில் முதல் விடை வந்தது. 1980இல் விரிவாக மறுபடி வந்தது. சேர்த்துக் கொடுத்தவர்களிடம் கட்டி கூடுதலாக மறைந்தது, அவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

அதே 1977இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் தன் சோதனையின் முதல் விடையை வெளியிட்டது. அதே மருந்து, அதே கதிர். பலன் எதுவும் இல்லை, வாய்ப்புண்தான் மோசமானது என்றது அது.

யார் சரி? நான் முதலில் இதைப் படித்தபோது, சென்னைக்காரர் கொஞ்சம் ஆசைப்பட்டு எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எங்களுக்குள் ஊறிய பழக்கம் அது. வெள்ளைக்காரன் வேறு சொன்னால் எங்கள் ஆள் பிழை. பிறகுதான் கவனித்தேன், ஐரோப்பியர் சோதித்தது தொண்டைப் பகுதிப் புற்றை. அடையாற்றின் நோயாளிகள் வாய்க்குள் புற்று வந்தவர்கள், அதிலும் கன்னத்துக்குள் வந்தவர்கள் நிறைய. மருந்து ஒன்றானாலும் கேட்கப்பட்ட உடல்கள் வேறு. அடையாற்றுச் சோதனை சிறியது. அதன் பலன் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிளியோமைசின் இன்று இந்த வேலைக்கு நிற்கவில்லை; சிஸ்பிளாட்டின் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. கதிரோடு மருந்தைச் சேர்க்கலாம் என்ற அடிப்படை மட்டும் நிலைத்தது. 2009இல் 93 சோதனைகளில் பங்குபற்றிய 17,346 நோயாளிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, கதிரும் மருந்தும் ஒரேநேரத்தில் கொடுத்தால் ஐந்து வருடத்தில் உயிரோடிருப்போர் நூற்றுக்கு 6.5 பேர் கூடுதல் என்று தெரிந்தது. அந்த முடிவுக்குப் போன பாதையில் அடையாறு முன்னாலே நடந்தது.

திருவனந்தபுரத்துக்குப் போவோம். 1996இல் அங்கே தொடங்கிய சோதனையில் மருந்தே இல்லை. ஒரு டோர்ச் வெளிச்சம், வாயைத் திறந்து பார்க்கும் ஒரு கண். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஏழில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயைச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள், மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. மற்ற ஆறில் வழமைபோல. பணியாளர்கள் டொக்டர்களல்ல, பட்டம் படித்து, வாய் பார்க்கப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஒரு பக்கம் 96,517 பேர், மறுபக்கம் 95,356 பேர். சங்கரநாராயணனும் தோழர்களும் 2005இல் ‘லான்செட்’டில் விடையைச் சொன்னார்கள்: பார்க்கப்பட்ட பக்கத்தில் வாய்ப்புற்றால் இறந்தோர் 77, பார்க்கப்படாத பக்கத்தில் 87. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் புகையிலை, மது பழக்கமுள்ளவர்களைத் தனியாக எடுத்தபோது இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. அது தற்செயலுக்கு அப்பாற்பட்டது. 15 வருடத்தின்பின் 2013இல் மறுபடி எண்ணினார்கள். அந்தப் பழக்கமுள்ளவர்களில் நான்கு சுற்றுக்கும் தவறாமல் வாய் காட்டியவர்களிடம் இறப்பு 81 சதவீதம் குறைவு.

பஞ்சாயத்துப் பஞ்சாயத்தாகச் சீட்டுப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஆள் ஆளாகப் பிரித்தால் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டை விட்டுவிட்டுப் போகவேண்டும். விடுபட்ட வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ‘எனக்கும் பார்’ என்பார். எங்களூர் வேலிகளை அறிந்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இலங்கையும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் கண்டிப் பக்கத்தில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றி, ஒரு வருடத்தில் 28,295 பேரின் வாயைப் பார்க்கவைத்து, முடிவை உலக சுகாதார அமைப்பின் இதழில் 1984இல் வெளியிட்டார்கள். திருவனந்தபுரத்துக்குப் பன்னிரண்டு வருடம் முந்தியது. ஒப்பிட இரண்டாம் பிரிவு இல்லாததால் அது உயிர் காத்ததா என்று சொல்லாது; சாதாரண ஆளால் வாயில் வரும் படையைக் கண்டுபிடிக்க முடியும் என்று மட்டும் சொல்லும். அந்த மட்டும் திருவனந்தபுரத்துக்குத் தேவையாக இருந்தது.

கேரளத்திலேயே 1997இல் வெளியான இன்னொரு சோதனை, வாயில் விழும் வெள்ளைப் படையை மாத்திரையால் போக்கலாமா என்று கேட்டது. அந்தப் படை சிலரில் புற்றாக மாறக்கூடியது. உயிர்ச்சத்து ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்குப் படை முழுதாக மறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம். ஆரவாரம் செய்திருக்கலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தியபின் மறைந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது திரும்ப வந்ததையும் அவர்களே எண்ணிச் சொன்னார்கள்.

இதெல்லாம் பெருமைக் கதை. பெருமை அல்லாத கதை ஒன்றும் அதே இடத்தில் உண்டு. டோர்ச்சோடு பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த ஆய்வில் பங்குகொண்ட அதே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் நிலையத்தில், 1999 இறுதியிலும் 2000 தொடக்கத்திலும் வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு எம்4என் என்ற பொருள் கட்டிக்குள் ஊசியாக ஏற்றப்பட்டது. வட அமெரிக்கப் பாலைநிலத்துச் செடி ஒன்றிலுள்ள பொருளை மாற்றிச் செய்தது அது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவரின் கண்டுபிடிப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கக் குழு இந்த ஆய்வை மதிப்பிட்டு அனுமதித்திருக்கவில்லை. நிலையத்திலேயே பணியாற்றிய கதிர்ச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் எழுப்பிய குரலால் விசயம் வெளியே வந்தது. மனிதருக்கு ஏற்றுமுன் விலங்குகளில் போதிய அளவு சோதிக்கவில்லை என்றும், பல்கலைக்கழக விதிகள் மீறப்பட்டன என்றும் விசாரித்துச் சொன்ன ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 2001 நவம்பரில் அந்த விஞ்ஞானி இனி மனிதரிடம் செய்யும் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கத் தடை விதித்தது. ஏறுவது இன்னும் நிரூபிக்கப்படாத பொருள் என்பது நோயாளிகளுக்கு விளங்கச் சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது.

கத்தியால் வெட்டி எடுக்கக்கூடிய கட்டியோடு வந்த ஒருவர், ஊசி போட்டபடி காத்திருப்பது என்றால் என்ன? செதிற்கலப் புற்று காத்திருக்காது. நாலு கிழமையில் கழுத்துக் கழலைக்குப் போய்விடக்கூடிய நோய். கையெழுத்து வாங்கினார்களா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதே முதலாவது. என் ‘முதலாம் கை’ப் படிவத்தையும் அதனால்தான் சிரித்துவிட்டுப் போட முடியவில்லை. இந்தியாவில் சோதனைகளை முன்கூட்டியே பதிவேட்டில் பதிவுசெய்வது 2009 யூன் முதல் கட்டாயமானது. இலங்கையில் பதிவேடு 2006இல் தொடங்கியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்து ஒழுங்குபடுத்தல் சட்டம் மருத்துவச் சோதனைகளுக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறது. படிவத்தின் தமிழை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் இது. முதலில் வந்தது புண் அல்ல. உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிந்தது. பிறகு சோற்றுக் கவளம் சின்னதாகிக்கொண்டே வந்தது, யாரும் கவனிக்கவில்லை. வயது போனால் சாப்பாடு குறையும்தானே என்று இருந்துவிட்டோம். கிளினிக்கில் டொக்டர் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. “மூண்டு விரலை நெட்டுக்குச் சேர்த்து வாய்க்குள்ளை வையுங்கோ அம்மா” என்றார். ஆரோக்கியமான வாய்க்குள் தன் விரல் மூன்று போகும். பெரியம்மாவுக்கு ஒன்றரைதான் போனது. பாக்கு கன்னத்தின் உட்தசையை நார்நாராக இறுக்கிவிட்டிருந்தது. அந்த இறுகிய இடத்தின் பின்பக்கம், கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், ஐந்து ரூபாய்க் குற்றியளவு தடித்த படை. “உது பல்லுக் குத்தினது தம்பி” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில் செதிற்கலப் புற்று.

கட்டி சின்னது, கழுத்தில் கழலை எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. இந்த நிலையில் கட்டியை மட்டும் வெட்டுவதா, கழுத்துக் கழலைகளையும் முன்கூட்டியே எடுத்துவிடுவதா என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் அரை நூற்றாண்டாகச் சண்டை பிடித்தார்கள். எடுத்தால் தேவையில்லாமல் பலரின் கழுத்தை அறுக்கிறோம். எடுக்காவிட்டால் சிலருக்குப் பிந்திவிடும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிகுரூஸ் குழு 2004இல் தொடங்கிப் பத்து வருடம் நோயாளிகளைச் சேர்த்தது. முதல் 500 பேரின் கணக்கு 2015இல் வெளியானது: முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் உயிரோடிருந்தோர் 80 சதவீதம், காத்திருந்து எடுத்தவர்களில் 67.5. எட்டுப் பேரின் கழுத்தை முன்கூட்டியே துப்புரவாக்கினால் ஒருவர் கூடுதலாகப் பிழைப்பார். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. பழகிய கையும் கத்தியும் போதும். பெரியம்மாவின் காதுக்குக் கீழிருந்து வளைந்து இறங்கும் தழும்பு அந்த 500 பேர் தந்தது.

ஒரு சின்ன உறுத்தல் எனக்கு உண்டு. அந்த 500 பேரில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்று நாக்கில். கொடுப்பில் வந்தவர் கொஞ்சப் பேர்தான். நாக்குப் புற்று கழுத்துக்கு ஓடும் வேகமும் கன்னப் புற்று ஓடும் வேகமும் ஒன்றா என்று டொக்டரிடம் கேட்டேன். “நல்ல கேள்வி,” என்றார், “ஆனா உங்கடை பெரியம்மாவை வைச்சு நான் அதைச் சோதிக்க மாட்டன்.”

வேறு இரண்டு சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிஸ்பிளாட்டினை மூன்று கிழமைக்கு ஒருமுறை பெரிய அளவாகக் கொடுப்பதா, கிழமைக்கொருமுறை சிறிது சிறிதாகவா? இரண்டாவது உடம்புக்கு இலகு என்பதால் இந்தியா முழுக்க அதுவே வழக்கமாக இருந்தது. அதே டாட்டா மருத்துவமனை 300 பேரில் சோதித்து 2018இல் சொன்னது: இரண்டு வருடத்தில் நோய் கட்டுக்குள் இருந்தோர் மூன்று கிழமை முறையில் 73.1 சதவீதம், கிழமை முறையில் 58.5. கிழமைக்கு 30 மில்லிகிராம் வீதம் கொடுத்த முறை அது. 2022இல் யப்பானியர் கிழமைக்கு 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, அது மூன்று கிழமை முறைக்குக் குறைந்ததல்ல என்றார்கள். உடற்பரப்பின் சதுர மீற்றருக்குப் பத்து மில்லிகிராம் கூடினால் விடை திரும்பலாம்.

டாட்டாவின் இன்னொரு சோதனைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. நோய் திரும்பி வந்து, வெட்டவும் கதிர் கொடுக்கவும் வழியற்றவர்களுக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து உண்டு. இரண்டு கிழமைக்கு 240 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அதன் விலையைக் கேட்டால் வளவை விற்கவேண்டி வரும். விஜய் பாட்டீலும் தோழர்களும் மூன்று கிழமைக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஆறு கிழமைக்குக் கணக்குப் பார்த்தால் 720க்குப் பதில் 40. பதினெட்டில் ஒரு பங்கு. 40 மில்லிகிராம் குப்பி ஒன்றை இரண்டு நோயாளிகள் பங்கிடலாம். 151 பேர். எல்லாருக்கும் வாயால் எடுக்கும் மலிவான மாத்திரைகள். பாதிப் பேருக்கு மட்டும் இந்தத் துளி ஊசி. ஒரு வருடத்தில் உயிரோடிருந்தோர் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4. முழு அளவோடு இதை அவர்கள் ஒப்பிடவில்லை. ஆகவே 20 போதும், 240 வீண் என்று யாரும் கொண்டாட முடியாது. ஆனால் தன் மருந்தை இவ்வளவு குறைவாக விற்கலாமா என்ற கேள்வியை மருந்துக் கம்பனி எதற்காகக் கேட்கப்போகிறது? அந்தக் கேள்வி குப்பியைப் பங்கிட்டாக வேண்டிய வார்ட்டில்தான் பிறக்கும்.

போர்க்காலத்தில் வட்டுக்கோட்டையிலிருந்து கதிர்ச் சிகிச்சைக்குப் போவதென்றால் கொழும்புப் பக்கத்து மகரகம. ஏ-9 வீதி மூடிய காலங்களில் அதுவும் இல்லை. கப்பலுக்கும் அனுமதிக்கும் காத்திருப்பு. 2011 யூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர் நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இப்போது காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். ஒருவர் ஒரு சோதனையில் சேர்ந்தால் மாதாமாதம் வந்து காட்டவேண்டும்; வராமல் விட்டவர் கணக்கில் ஓட்டை. இப்போது அந்தளவுக்குப் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறது. கொடுப்புப் புற்றைப் பற்றிய கேள்விகளை, நாக்கை விட்டு, இங்கேயே கேட்கலாம்.

பெரியம்மா தட்டத்தை மாமரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். பாக்குவெட்டியை மட்டும் கொடுக்க மனமில்லை. அது சீதனத்தோடு வந்தது. வாய் திறக்கும் பயிற்சிக்குப் பல்லிடையில் ஐஸ்கிறீம் தடிகளை அடுக்கிவைத்து எண்ணுகிறார்; ஆறில் தொடங்கி இப்போது பதினொன்று. திருவனந்தபுரத்து டோர்ச்சுக் கதையை நான் ஒருநாள் சொன்னேன். மற்ற எண்களெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

“டொக்டர்மார் இல்லையோ பாத்தது?”

“இல்லை. படிச்ச பிள்ளையள், பழக்கி விட்டவை.”

அடுத்த கிழமை போனபோது, வேலிப் பொட்டுக்குள்ளால் வந்திருந்த பக்கத்து வளவு ஆச்சியை விறாந்தையில் இருத்தி, என் தம்பியின் போனை வாங்கி வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றார்.

“எணை ஆச்சி, ஆவெண்டுங்கோ பாப்பம்.”

ஆச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். உள்ளே வெற்றிலை கிடந்தது. துப்பிவிட்டுத்தான் பார்க்கலாம், துப்ப இன்னும் அரைமணித்தியாலம் செல்லும்.

பெரியம்மா போனை அணைத்துவிட்டு எதிரில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.